ஏழு படியும் சூடக்காரியும்

பழைய கோர்ட்டுக் கச்சேரியைக் காலி செய்த அன்று, குமாஸ்தா ஒருவர் சாமான் ஜாபிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு உரக்க வாசித்தார். பங்கா இரண்டு. சுவர்க் கடிகாரம் ஒன்று. மைக்கூடு பதினொன்று, அதில் மூடியில்லாதது நான்கு. ஜமக்காளம் மூன்று, மூன்றும் கிழிசல். அவர் வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாக மாட்டு வண்டியில் ஏறிற்று. மூடியில்லாத மைக்கூட்டைக்கூட வைக்கோல் சுற்றிப் பத்திரமாக ஏற்றினார்கள். விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி மாரக்காள் கடைசிவரை ஓரமாக நின்றிருந்தாள். குமாஸ்தா காகிதத்தை மடித்துப் பையில் போட்டார்.

"நானுங்க?" என்றாள்.

அவர் காகிதத்தை மறுபடி பிரித்து, மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தார். பாவம், நல்ல மனுஷர்தான். "நீ இதுல இல்லையேம்மா. இல்லாததை நான் எப்படி வண்டியில ஏத்தறது?" என்றார்.

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கட்டடத்தைக் கூட்டியவள். வந்தவன் போனவனுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு கொடுத்தவள். மூடியில்லாத மைக்கூட்டுக்கு இருந்த மரியாதை தனக்கு இல்லை என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற ரகமில்லை அவள். "போயிட்டு வாங்க சாமி, வண்டி குடை சாயாமப் பாத்துப் போங்க" என்று வாழ்த்துகிற மாதிரி சொன்னாள். ஆற்றுப் பாலத்தில் வண்டி குடை சாய்ந்து மைக்கூடுகள் உருண்டன என்றும், அதற்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் மறுநாள் அவளே கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில். சேலம் கோட்டைப் பக்கத்தில் அந்தக் கட்டடத்தைக் கும்பினிக்காரர்கள் துணிமூட்டை அடுக்கக் கட்டினார்களாம். சுவர் ஒவ்வொன்றும் ஓர் ஆள் குறுக்கே படுக்கிற அகலம். அப்புறம் அறுபது வருஷம் அது கச்சேரியாக இருந்தது. முன்பக்கம் ஏழு கருங்கல் படிகள், மேலே ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கதவு. பின்பக்கம் சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தது. அதுதான் மாரக்காளின் வீடு. ஓர் அடுப்பு, ஒரு கயிற்றுக் கட்டில், பின்சந்துப் பக்கம் பார்த்த மாதிரி ஒரு கதவு. சாய்ப்புக்குள்ளிருந்து கச்சேரிக்குள் போகக் குட்டையாக இன்னொரு வாசல். கச்சேரி நடக்கிற நேரத்தில் அவள் முன்படி ஏறக் கூடாது, குனிந்து இந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

மாரக்காள் என்று நாம்தான் சொல்கிறோம். அங்கே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. குமாஸ்தாக்களுக்கு அவள் "ஏய் தண்ணி". வக்கீல்களுக்கு "இந்தாம்மா". அவள் புருஷன் சென்றாயன் அந்தக் கச்சேரியில்தான் டவாலியாக இருந்தான். ஏழாவது படியில் நின்று, மார்பில் பித்தளைப் பட்டயம் மின்ன, வாதி பிரதிவாதி பெயர்களை மூன்று மூன்று தரம் கூவிக் கூப்பிடுவது அவன் வேலை. எதிர்ச்சாரிப் புளியமரத்தடியில் தூங்குகிறவனும் எழுந்து வருவான், அப்படி ஒரு தொண்டை. மூன்றாவது தரத்துக்குள் ஆஜர் சொல்லாவிட்டால் வழக்கே போயிற்று. ஊரார் பெயரையெல்லாம் அப்படி ஓங்கிக் கூப்பிட்ட மனுஷன், சாய்ப்புக்குள் வந்தால் "ஏ புள்ளே" என்பதோடு சரி. பெண்டாட்டி பேரை வாய்விட்டுச் சொன்னால் ஆயுசு குறைந்துவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் நாற்பத்தெட்டு வயதில் ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

சுற்றுப்பட்டி ஜனங்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் வேறு. சூடக்காரி.

அது அவளாகத் தேடிக்கொண்ட பேர். வழக்கு முடிந்து படியிறங்குகிறவனை அவள் தினமும் பார்ப்பாள். ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரே முகத்தோடுதான் இறங்குவார்கள். இரண்டு பேருமே "இனி இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்" என்பார்கள். நம் பக்கத்தில் வாயால் சொன்னால் ஆயிற்றா? சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அறைந்து அணைத்தால்தான் சத்தியம். சூடம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் ஆத்திரம் ஆறி, பாதிப் பேர் அப்பீலுக்கு வக்கீல் தேடப் போய்விடுவார்கள். இந்தக் கஷ்டத்தைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான், முதல் படிக்குப் பக்கத்தில் ஒரு தகர மூடியில் சூடம் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்ததாக அவள் சொல்லுவாள்.

சூடத்தோடு வார்த்தையும் அவளே கொடுத்தாள். கையில் தீ எரிகிறபோது பாதிப் பேருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நாக்குக் குழறும். அவள் முன்னால் சொல்லுவாள், அவர்கள் பின்னால் சொல்ல வேண்டும்: "சாமி சாட்சி, சூடம் சாட்சி, இந்த ஏழு படியில என்ற காலு இனிப் படாது." கெட்டியான வார்த்தை. ஓட்டை உடைசல் இல்லாதது. சத்தியம் செய்தவனைப் பிற்பாடு வேறு வழக்கில் சாட்சிக்கு அழைத்தால், அவன் பண்ணையாளின் தோளில் உட்கார்ந்து படியேறி உள்ளே போவான். கால் படவில்லையே.

இப்படி எத்தனை பேர் என்று கணக்கில்லை. அந்த முதல் படியில் கரி படிந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டமே விழுந்திருந்தது. அதை மட்டும் அவள் தேய்த்துக் கழுவவே மாட்டாள், யாவாரம் நடந்த இடம் என்று.

கச்சேரி போன ஒரு வருஷத்துக்குப் பிறகு, குடையும் கையுமாகப் பாலசுந்தரம் வந்து சேர்ந்தார். அம்மாபேட்டைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்றால் அவருக்கு என்னவென்றே தெரியாது. சைவ நெறிச் சபை என்று ஒன்றை ஆரம்பித்து, இந்தக் கட்டடத்தைக் கேட்டு மனு மேல் மனுவாக எழுதி, குத்தகைக்கு வாங்கியும் விட்டார். பதிகம் ஓதச் சொல்லிக் கொடுக்கும் பள்ளி ஒன்று, தறிக்காரர் வீட்டுக் கல்யாணம் நடத்த ஒரு கூடம், சந்தைக்கு வரும் குடியானவர்கள் கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட ஓர் இடம். மனுஷருக்குக் கண்ணெல்லாம் கனவு.

"ஒரு நிபந்தனை இருக்கும்மா," என்று அவளிடம் சொன்னார். "தை மாசம் பதினஞ்சாந் தேதி அதிகாரி வந்து பார்ப்பார். பாடம் படிக்கிறவங்க நாற்பது பேராவது உள்ளே இருக்கணும். இல்லேன்னா குத்தகை ரத்து. இடத்தைப் பஞ்சுக் கிடங்குக்கு ஏலம் விட்டுருவாங்க. கட்டடத்தை இடிச்சுத் தகரக் கொட்டகை போடறதாப் பேச்சு."

"அப்ப இந்தச் சாய்ப்புங்க?"

"அதுவுந்தான்."

 மாரக்காளுக்குப் போக்கிடம் இல்லை. பனமரத்துப்பட்டியில் இருந்த அண்ணன் செத்து, அந்த வீடும் கை மாறிவிட்டது. "சபை நடந்துச்சுன்னா என்னை வெச்சுக்குவீங்களா சாமி?"

"தாராளமா. கூட்டிப் பெருக்க ஆள் வேணுமே."

"அப்படி இல்லீங்க. ஜாபிதாவில என்ற பேரு வேணும். எழுதிக் குடுக்கோணும்."

பாலசுந்தரம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சரிம்மா. பள்ளி நிலைச்சதுன்னா எழுதிடறேன். நிலைக்கலேன்னா ஜாபிதாவே கிடையாது," என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குப் பத்துக் கை முளைத்தது. பூட்டிக் கிடந்த ஒரு வருஷத்து வௌவால் புழுக்கையை வாரிக் கொட்டினாள். தளம் ஒழுகிய இடத்தில் கடுக்காய்த் தண்ணீர் விட்ட சுண்ணாம்பை இடித்துப் பூச வைத்தாள். கைதிகளை அடைக்கிற கம்பிக் கதவு அறை பாத்திரம் வைக்கிற அறையாயிற்று, எலி போகாது என்பதால். சாட்சிக் கூண்டைப் பெயர்க்க முடியவில்லை, அதற்குள் தண்ணீர்ப் பானையை நிறுத்தினாள். ஜட்ஜ் உட்காருகிற மேடை, பதிகம் சொல்லிக் கொடுக்கிற ஓதுவாருக்கு. மேடைக்கு மேலே சுவரில் சிங்கமும் குதிரையுமாகச் சர்க்கார் முத்திரை சுதையில் நின்றது. அதை மூடினால் ராஜத்துரோகம் ஆகிவிடுமோ, மூடாவிட்டால் சிவத்துரோகம் ஆகிவிடுமோ என்று பாலசுந்தரம் மூன்று நாள் சோறு இறங்காமல் தவித்தார். மாரக்காள் அதன்மேல் ஒரு திரையைத் தொங்கவிட்டு, "ஆபீசர் வந்தா இந்தக் கயித்தை இழுங்க, சாமி வந்தா அந்தக் கயித்தை இழுங்க" என்றாள்.

கார்த்திகையில் நல்ல நாள் பார்த்துப் பள்ளியைத் திறந்தார்கள். ஓதுவார் மேடையில் உட்கார்ந்து தாளத்தைத் தட்டினார். எதிரே பாலசுந்தரமும் அவருடைய மச்சினனும் உட்கார்ந்திருந்தார்கள். வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

ஜனம் வராமல் இல்லை. வந்தது. வெளியே புளியமரத்தடியில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். தறிக்காரர்கள், குடியானவர்கள், பெண்டு பிள்ளைகள். பாட்டுக் காதில் விழுந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஒருத்தர்கூடப் படியை மிதிக்கவில்லை. பாலசுந்தரம் ஓடி ஓடி அழைத்தார். பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டு, "சத்தியம் பண்ணிருக்குறனுங்க" என்றார்கள். மீதிப் பேர், "எங்க பரம்பரையில இந்தப் படி ஏறுனவங்களே இல்லீங்க, நாங்களா அந்தப் பேரைக் கெடுக்கறது?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

"என்ன சத்தியம்? யார் பண்ண வெச்சது?" என்று பாலசுந்தரம் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

மாரக்காள் சாட்சிக் கூண்டுக்குப் பின்னால் நின்று பானையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த பானையையே நாலு தரம் துடைத்தாள். தன் வாயால் சொல்லிக் கொடுத்த வார்த்தை, தன் கையால் கொடுத்த சூடம், இப்போது தன் வீட்டையே கொளுத்த வந்து நிற்கிறது.

எல்லோரையும் தூக்கிக்கொண்டு போகலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. நாற்பது பேரைத் தூக்க நாற்பது பேர் வேண்டுமே, அந்த நாற்பது பேரும் சத்தியம் பண்ணினவர்களாயிற்றே. அந்த யோசனை அதோடு போயிற்று. மார்கழியும் பிறந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் அவள் பனமரத்துப்பட்டிக்குப் போகிற வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டாள். ஏரிக்குக் கீழே வேலுமணிக் கவுண்டர் பண்ணையம் பண்ணிக்கொண்டிருந்தார். அவர் கால் வைத்தால் அந்தப் பக்கத்துப் பத்து ஊரும் பின்னால் கால் வைக்கும். ஒரு புளியமரத்துக்காகக் கூடப் பிறந்த தம்பியோடு பதினோரு வருஷம் வழக்காடி ஜெயித்தவர். தீர்ப்பு வந்த வருஷம் அந்த மரம் காற்றில் விழுந்து கிடந்தது. அன்றைக்குப் படியில் அவர் சூடத்தை அறைந்த அறையில் தகர மூடி நெளிந்துவிட்டது. மாரக்காளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கவுண்டர் களத்தில் நிலக்கடலை காயப் போட்டதைக் காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "யாரு, சூடக்காரியா? இன்னும் யார் யாரைச் சத்தியம் பண்ண வெக்கலாம்னு வந்தியாக்கும்?"

"பண்ணுனதை அவுக்கலாம்னு வந்தனுங்க."

"அதெப்படி அவுக்கறது? அது என்ன கோவணமா?" என்றார் கவுண்டர். அப்புறம் குரலைத் தணித்தார். "எனக்கும் ஆசைதான் புள்ளே. அந்த ஓதுவாரு பாடறதை மரத்தடியில நின்னு கேட்டேன். உள்ளார போய் உக்காந்து கேக்கோணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. கண்ணை மூடறதுக்குள்ள நாலு பாட்டு நானும் படிச்சுக்கோணும். ஆனா வார்த்தை வார்த்தைதான். கேஸுக்கு வாய்தா உண்டு, சத்தியத்துக்கு ஏது வாய்தா?"

"நீங்க என்னன்னு சத்தியம் பண்ணுனீங்க, சொல்லுங்க பாக்கலாம்."

"என்னைக் கேக்கறயா? வார்த்தை சொல்லிக் குடுத்தவளே நீதானே."

"அதனாலதானுங்க கேக்கறேன். கச்சேரிக்குள்ள போக மாட்டேன்னு நான் சொல்லிக் குடுக்கலீங்களே. ஏழு படியில காலு படாதுன்னுதானே சொன்னேன்."

கவுண்டர் கடலையைக் கிண்டுவதை நிறுத்தினார். பதினோரு வருஷம் வழக்காடின மனுஷர், ஒரு பாயிண்டு கிடைத்தால் அவர் முகமே மாறிவிடும். "சரி. படியேறாம எப்படிப் போறது?"

"படி மேல மண்ணைக் கொட்டிச் சாய்மானம் கட்டிப் போட்டா?"

"மண்ணுக்கடியில படி இருக்குதல்ல? செருப்புப் போட்டுக்கிட்டு மிதிச்சா மிதிக்கலேன்னு ஆகுமா? தள்ளுபடி," என்றார் கவுண்டர், ஜட்ஜையா மாதிரியே.

"அப்பப் படியையே பேத்து எடுத்துப் போட்டா?"

கவுண்டர் யோசித்தார். தாடையைச் சொறிந்தார். களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இல்லாத படியில காலு எப்படிப் படும்? அது நிக்கும். ஆனா அந்த எடத்துல மறுபடி எதைக் கட்டுனாலும் அதுவும் படிதான், கதவு ஆகாசத்துல தொங்குமே, எந்த வழியா வாறது?"

"என்ற ஊட்டு வழியா வாங்க," என்றாள் மாரக்காள். "படி இருந்தாத்தான் பின்வாசல்ல பூந்தான்னு ஊரு சிரிக்கும், படியே போயிட்டா அதுதானுங்க வாசல்."

சொன்னதற்கப்புறம்தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. பின்வாசலுக்கு வேறு பாதை கிடையாது. சாய்ப்பைத் திறந்துவிட்டால் அடுப்பும் கட்டிலும் வெளியே போக வேண்டும். எந்த வீட்டைக் காப்பாற்ற இத்தனை தூரம் வந்தாளோ அந்த வீட்டைத் தன் வாயாலேயே வழியாக எழுதிக் கொடுத்துவிட்டாள். திரும்பி வரும்போது வண்டியில் முடங்கிப் படுத்துக்கொண்டாள். வண்டிக்காரன் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தான்.

பாலசுந்தரம் கேட்டதும் துள்ளிக் குதித்தார், பிறகு நடுங்கினார். "சர்க்கார் படிக்கட்டைப் பெயர்க்கறதா? ஜெயில்ல போட்டுருவாங்கம்மா."

"மராமத்துன்னு எழுதுங்க," என்றாள். இருபத்திரண்டு வருஷம் கச்சேரியில் காது சும்மாவா இருந்தது? "குத்தகைப் பத்திரத்துல மராமத்து சபையைச் சேர்ந்ததுன்னு போட்டிருக்குதா இல்லீங்களா?"

போட்டிருந்தது. கல் வேலை செய்கிற ஒட்டர் சின்னானுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

சின்னான் கடப்பாரையோடு வருவதற்கு முன்னால், காலை வெயில் படியில் விழுந்திருந்த நேரம், மாரக்காள் முன்பக்கம் வந்தாள். அந்தப் படிகளை அவள் ஆயிரக்கணக்கான தரம் கழுவியிருக்கிறாள், எல்லாம் குந்தியபடி, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து. ஒரு காரியமாக வந்த மனுஷி மாதிரி நிமிர்ந்து ஏறியதில்லை. அன்றைக்கு ஏறினாள். ஒன்று, இரண்டு என்று ஏழும் ஏறி, அந்த நாளில் சென்றாயன் நின்ற இடத்தில் நின்று எதிர்ச்சாரிப் புளியமரத்தைப் பார்த்தாள். இங்கிருந்துதானே அத்தனை பேரையும் கூப்பிட்டான், ஒரே ஒரு தரம் என்னைக் கூப்பிட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் பாவி மனுஷனுக்கு என்று நினைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஏறக் கூடாதென்று சத்தியமோ பரம்பரைப் பெருமையோ இல்லாதவள் அந்தப் பிராந்தியத்திலேயே அவள் ஒருத்திதான், ஆகவே அந்தப் படிகளை மிதித்த கடைசிக் காலும் அவளுடையதே.

ஏழு கல்லையும் பெயர்க்க இரண்டு நாள் ஆயிற்று. வெளியே போட்டால் யாராவது மிதித்துத் தொலைப்பார்கள் என்று அவள்தான் யோசனை சொன்னாள். கயிறு கட்டி முன்கதவுக்கு ஏற்றி, உருளைக் கட்டை வைத்து உள்ளே தள்ளி, மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே குத்துவிளக்கை வைத்தார்கள். சாமி விளக்கு நிற்கிற கல்லில் எவன் கால் வைப்பான்? சூடம் கரி படிந்த கல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. அத்தனை பேர் சத்தியமும் ஒரு சேதமில்லாமல் அப்படியே நின்றது.

அடுத்து சாய்ப்பு. சின்னான் அடுப்பைக் கலைக்கும்போது பாலசுந்தரம் சங்கடத்தோடு பக்கத்தில் நின்றார். "உங்களுக்கு ஒரு இடம் பார்க்கணும்மா," என்றார்.

"பாத்துட்டேனுங்க," என்று அவள் கைகாட்டினாள்.

அவள் காட்டியது ஜட்ஜ் இளைப்பாறுகிற அறை. வண்ணக் கண்ணாடி ஜன்னலும், முகம் கழுவப் பீங்கான் தொட்டியும் உள்ளது. பாலசுந்தரத்துக்கு எச்சில் புரையேறியது. "அது ஜட்ஜையா அறைம்மா."

"அவரு ஜாபிதாவோட போயிட்டாருங்களே."

 பாலசுந்தரம் இருமி முடிப்பதற்குள் அவள் கயிற்றுக் கட்டிலை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டாள். பனமரத்துப்பட்டிக் களத்தில் வாய் தவறிச் சொன்னாளா, இந்த அறையை மனசில் வைத்துக்கொண்டுதான் சொன்னாளா என்று பிற்பாடு ஊரில் இரண்டு கட்சி இருந்தது. அவளைக் கேட்டால், "நீங்க எப்படி நெனச்சாலும் சரிங்க" என்பாள்.

தை பதினைந்தாம் தேதி காலையிலேயே சந்து நிறைந்துவிட்டது. வேலுமணிக் கவுண்டர் தலைப்பாகை கட்டிக்கொண்டு, பத்து ஊர் ஜனத்தை இழுத்துக்கொண்டு வந்தார். சாய்ப்பு வாசலோ கூட்டுகிறவள் ஒருத்தி குனிந்து போகிற உயரம். அதில் மிராசுதாரும் குனிந்தார், தறிக்காரரும் குனிந்தார். கவுண்டர் போதுமான அளவுக்குக் குனியாததால் நிலைப்படி இடித்துத் தலைப்பாகை உருண்டது. மாரக்காள் அதை எடுத்து உதறிக் கொடுத்து, "எல்லாரும் குனிஞ்சுதானுங்க போகோணும், நான் இருவது வருஷமாப் போறேன்" என்றாள். கடைசியில் அதிகாரி வந்தார். முன்கதவு அந்தரத்தில் நிற்பதை அண்ணாந்து பார்த்தார். ஏன் என்று கேட்டார். பாலசுந்தரம் மராமத்து என்றார். அவரும் குனிந்தே உள்ளே வந்தார்.

உள்ளே வேறொரு வேடிக்கை நடந்தது. ஓதுவார் மேடையில் வந்து உட்கார்ந்ததும், அந்தக் கூட்டம் மொத்தமும் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கைகட்டி எழுந்து நின்றுவிட்டது. பழக்க தோஷம். அவர் உட்காரச் சொல்லிப் பார்த்தார், யாரும் அசையவில்லை. மாரக்காள் பின்னாலிருந்து, "உக்காருங்க, இங்க கேஸு ஒண்ணும் இல்லீங்க" என்ற பிறகுதான் உட்கார்ந்தார்கள். முதல் அடியைப் பாடிக்காட்டி, வேலுமணிக் கவுண்டரைத் திருப்பிச் சொல்லச் சொன்னார் ஓதுவார். கவுண்டர் எழுந்து, தொண்டையைக் கனைத்து, "நான் சொல்றதெல்லாம் சத்தியமுங்க" என்று ஆரம்பித்தார். அதிகாரிக்கே சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் அப்புறம் கவுண்டர் அந்த அடியைப் பாடியபோது பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

படிக்கிறவர்களை அதிகாரி விரல் நீட்டி எண்ணினார். ஐம்பத்து மூன்று பேர். சாமான் ஜாபிதாவைப் படித்தால் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார். பாலசுந்தரம் எழுந்து காகிதத்தைப் பிரித்தார். முந்தின நாள்தான் அவர் சூடக்காரியிடம், "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டிருந்தார். கேட்டதும் அவள் கொஞ்சம் திகைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

"குத்துவிளக்கு ஒன்று. விளக்குப் பீடக் கல் ஏழு. ஜமக்காளம் ஆறு. தாளம் இரண்டு ஜோடி. சாட்சிக் கூண்டு ஒன்று, தண்ணீர்ப் பானையுடன்." ஒரு மூச்சு விட்டார். "சபைக் காரியஸ்தர், மாரக்காள்."

பதில் இல்லை. கூடத்தில் பத்து ஊர் ஜனமும் யார் அந்த மாரக்காள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவள் கூண்டுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பாலசுந்தரம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, இங்கேதானே இருக்கீங்க?" என்றார்.

"ஒரு தரந்தானுங்களே கூப்பிட்டிருக்கறீங்க," என்றாள் அவள். "இன்னும் ரெண்டு இருக்குது."

வேலுமணிக் கவுண்டருக்கு முதலில் புரிந்தது. பதினோரு வருஷம் சென்றாயன் மூன்று தரம் கூப்பிடுகிற குரலுக்கு எழுந்து நின்றவர். "சத்தமாக் கூப்பிடுங்க வாத்தியாரே," என்றார் மெதுவாக. "புளியமரத்து வரைக்கும் கேக்கோணும்."

பாலசுந்தரம் காகிதத்தைக் கீழே வைத்தார். அந்தரத்தில் நிற்கிற முன்கதவுப் பக்கம் திரும்பி, தன் மெல்லிய தொண்டையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஓங்கிக் கூப்பிட்டார்.

"மாரக்காள். மாரக்காள்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆஜருங்க," என்றாள்.